கைப்பிடியும் சாவியும்: ஸ்டார்ட்டர் மோட்டாரின் கதை



மழைக்காலத்து இரவு ஒன்றை நினைவுகூர்ந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம். கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. 1990ஆம் ஆண்டை ஒட்டிய சமயம். எங்கள் லயத்தில் ஏறக்குறைய இருபது வீடுகள். அந்த இருபது வீட்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு கார், பழைய மோரிஸ் மைனர். அதன் சொந்தக்காரர் பால்வெட்டு வேலை செய்தவர், எங்களுக்கெல்லாம் மாமா. கல்யாணமா, கருமாதியா, பிள்ளைக்குக் காய்ச்சலா, எதுவாக இருந்தாலும் மாமா வீட்டு வாசலில்தான் போய் நிற்போம்.

அன்று நள்ளிரவில் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. மாமா ஓடிவந்து காரில் உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார், பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். நோயாளி முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது, எஞ்சின் சுற்றவில்லை. மறுபடியும் இழுத்தார். அதே முனகல். ஏதோ தீய்ந்த வாடை வேறு. பின்பெட்டியிலிருந்து இரும்புக் கைப்பிடியை எடுத்து, வண்டியின் முன்னால் செருகி, வேகமாகச் சுழற்றினார். எஞ்சின் ஒரு முறை இருமியது. மறுகணம் கைப்பிடி எதிர்ப்பக்கமாகத் திரும்பி உதைத்தது. மாமா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறிந்துவிட்டது.

பிறகு லயத்து இளைஞர்கள் வண்டியைச் சரிவில் தள்ளினார்கள். லைசென்ஸ் வைத்திருந்த ஓர் அண்ணன் கியரைப் போட்டு எஞ்சினை எழுப்பினார். அக்காவும் மாமாவும் ஒரே காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் மாமா பல வாரம் பால்வெட்டுக்குப் போக முடியவில்லை. அதோடு நிற்கவில்லை. டவுனில் ஒரு பட்டறையில், 'ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது' என்று சொல்லி வேறொன்றை மாட்டினார்கள். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே சரியாகிவிட்டது. ஒரு வாரம் சென்றதும் மறுபடியும் அதே முனகல்!

மாமாவின் காருக்கு உண்மையில் என்னதான் நோய்? அதைப் பிற்பாடு சொல்கிறோம். அதற்கு முன், இந்த ஸ்டார்ட்டர் மோட்டார் என்பது எப்படி வந்தது, எதற்காக வந்தது என்ற வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அதன் ஒவ்வொரு பாகமும் ஒரு காலத்தில் மனிதர் பட்ட ஒரு தொல்லைக்கு மருந்தாக வந்து சேர்ந்தது. எந்தப் பாகம் எதற்காக வந்தது என்று அறிந்தவருக்கு, கோளாறு எங்கே இருக்கும் என்று தேடுவதும் எளிதாகிவிடும்.

ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் தம்முடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமைப் பத்திரம் பெற விண்ணப்பித்தது 1886ஆம் ஆண்டில். அந்த வண்டியின் பின்புறத்தில் பெரிய சக்கரம் ஒன்று படுக்கை வாட்டில் இருக்கும். அதைக் கையால் சுழற்றிவிட்டால்தான் எஞ்சின் உயிர்பெறும். 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பென்ஸின் மனைவி பெர்த்தா, தம் இரு மகன்களை அழைத்துக்கொண்டு, கணவருக்குச் சொல்லாமலே அந்த வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் அடைப்பை எடுத்தார். மின்கம்பி ஒன்று மேலுறை தேய்ந்து நின்றது. காலுறைப் பட்டையைச் சுற்றிச் சரிசெய்தார். உலகின் முதல் நெடும் மோட்டார்ப் பயணத்தை நடத்தியவரும், வழியிலேயே கோளாறைக் கண்டுபிடித்துத் தீர்த்தவரும் ஒரு குடும்பத் தலைவியே. 'மோட்டார் விஷயம் பெண்களுக்கு எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

பென்ஸுக்குப் பின் வந்த வண்டிகளில் எஞ்சின் முன்னால் வந்தது. அதைச் சுழற்ற இரும்புக் கைப்பிடி வந்தது. எஞ்சினுக்குள் நடப்பது இதுதான்: உருளையினுள் பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அழுத்த வேண்டும், அப்போது மின்பொறி விழுந்து கலவை வெடித்து, பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். முதல் சில சுற்றுகளை யாராவது வெளியிலிருந்து சுற்றிக் கொடுத்தாக வேண்டும். பிறகு எஞ்சின் தானாகச் சுற்றிக்கொள்ளும். ஆனால் மின்பொறி சற்று முந்தி விழுந்துவிட்டால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டன் பின்னோக்கித் தள்ளப்படும். கைப்பிடியும் எதிர்ப்பக்கம் சுழலும். பிடித்திருக்கும் கை அங்கே அகப்பட்டுக்கொள்ளும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வை, கீழே அழுத்தாதே, மேலே இழு என்றெல்லாம் அந்தக் காலத்து ஓட்டுநர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியும் மணிக்கட்டும் முன்கையும் முறிவது மோட்டார் உலகில் அன்றாடச் செய்தியாக இருந்தது.

இதே காலத்தில்தான் நம் முன்னோரின் வாழ்க்கையும் மோட்டார் காரோடு பிணைக்கப்பட்டது. 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1890களில் சிலாங்கூரில் ரப்பர் தோட்ட முயற்சிகள் வேரூன்றின. 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 'மாடல் டி' என்ற மலிவான காரை விற்கத் தொடங்கினார். கார் பெருகப் பெருக டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. காடுகள் அழிந்து தோட்டங்கள் ஆயின. தமிழகத்திலிருந்து நம் பாட்டன்மார் கப்பல் ஏறினார்கள். கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை முதல் வடக்கே கெர்லிங், கலும்பாங் வரை அவர்கள் சீவிய பால்தான் உலகின் சாலைகளில் டயராக உருண்டது. ஆனால் அவர்கள் கார் ஏறியதில்லை. கார் வைத்திருந்தவர் துரை. விடியற்காலையில் அதன் கைப்பிடியைச் சுழற்றும் வேலை ஓட்டுநருக்கு; உதை வாங்கும் கையும் அவருடையதே.

இங்கே நம் வட்டாரத்துப் பெருமை ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊருக்கு 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அதன் அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். செம்பனை வந்ததும் மோட்டாரின் தேவை இன்னும் கூடியது. பாலைத் தாளாக்கிக் காயவைத்துச் சில நாள் வைத்திருக்கலாம். வெட்டிய செம்பனைக் குலையை அப்படி வைத்திருக்க முடியாது. அன்றோ மறுநாளோ ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். காலையில் லோரி எழும்பவில்லை என்றால் தோட்டமே கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இனி, கைப்பிடியை ஒழித்த மனிதரின் கதைக்கு வருவோம்.

அமெரிக்காவில் கேடிலாக் என்ற கார் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஹென்றி லீலண்ட். கைப்பிடி உதைத்துக் காயமுற்ற நண்பர் ஒருவரின் மரணம் அவர் மனத்தை வருத்தியது என்பது மோட்டார் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. கைப்பிடி இல்லாமல் எஞ்சினை எழுப்பும் வழியை அவர் தேடினார். அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த சார்லஸ் கெட்டரிங். 1876இல் பிறந்து 1958இல் மறைந்த பொறியியலாளர்.

அதற்கு முன்பும் பலர் முயன்றிருந்தார்கள். அழுத்திய காற்று, முறுக்கிய சுருள்வில் என்று எதை எதையோ பொருத்திப் பார்த்தார்கள். மின்மோட்டாரை வைக்கலாம் என்றால், எஞ்சினைச் சுற்றும் அளவுக்கு வலிமையுள்ள மோட்டார் எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்கும் என்று வல்லுநர்கள் கையை விரித்தார்கள். கெட்டரிங் மட்டும் வேறு விதமாக எண்ணினார். அவர் முன்பு கடைகளில் பயன்படும் பணப்பெட்டி இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தப் பெட்டியின் இழுப்பறையைத் திறக்கச் சிறிய மின்மோட்டார் ஒன்றை அமைத்தவர். நாள் முழுதும் சுற்றும் மோட்டாருக்குத்தான் பெரிய உடம்பு வேண்டும். ஒரு கணம் மட்டும் உழைக்கும் மோட்டாரிடம் அதன் சக்திக்கு மீறிய வேலையை வாங்கலாம் என்பதை அங்கே அவர் கண்டிருந்தார். காருக்கும் அதேதான். எஞ்சினைச் சில விநாடி சுற்றினால் போதாதா?

அந்த எண்ணம் பலித்தது. 1911ஆம் ஆண்டில் உருவான அந்த அமைப்பு 1912ஆம் ஆண்டு மாதிரி கேடிலாக் கார்களில் இடம்பெற்றது. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் எழுந்தது. எஞ்சின் எழுந்தபின் அதே கருவி மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுத்தது. கையில் வலு இருப்பவர் மட்டுமே கார் ஓட்ட முடியும் என்ற நிலை மாறியது. பெண்களும் முதியவர்களும் தனியே கார் எடுத்துச் செல்லும் காலம் பிறந்தது.

அதே 1912ஆம் ஆண்டில் தமிழகத்தில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் டி.வி.எஸ். என்று பெயர்பெற்ற குழுமத்தின் தொடக்கம் அது. அந்தக் குழுமம் 1961இல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து லூகாஸ் டி.வி.எஸ். என்ற நிறுவனத்தை நிறுவியது. சென்னையை அடுத்த பாடியில் உள்ள அதன் தொழிற்சாலையில் ஸ்டார்ட்டர் மோட்டார்களைத் தமிழர் கைகளே செய்தன. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லாத அவர், ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மறுபடி பூட்டியே இயந்திரத்தைக் கற்றவர். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கியவர்.

கெட்டரிங்கின் மோட்டாரோடு கதை முடிந்துவிடவில்லை. மோட்டாரின் பல் சக்கரம் எஞ்சினின் பெரிய பல் வளையத்தோடு சேர்ந்து அதைச் சுற்ற வேண்டும். எஞ்சின் எழுந்தவுடன் உடனே விலகிவிட வேண்டும். விலகாவிட்டால் எஞ்சின் மோட்டாரை வெறிகொண்டு சுழற்றிச் சிதைத்துவிடும். இதற்கு எளிய வழி கண்டவர் வின்சென்ட் பெண்டிக்ஸ். திருகு வெட்டிய தண்டில் சின்னப் பல் சக்கரத்தைக் கோத்தார். மோட்டார் சட்டென்று சுற்றும்போது பல் சக்கரம் திருகில் ஓடிப்போய் வளையத்தைக் கவ்வும். எஞ்சின் எழுந்து வேகம் பிடித்ததும் அதே திருகு அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். 1914ஆம் ஆண்டளவில் இது கார்களில் வரத் தொடங்கியது. நம் மெக்கானிக்குகள் இன்றும் 'பெண்டிக்ஸ்' என்று சொல்வது இவருடைய பெயரைத்தான்.

பிறகு சொலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்சு பரவியது. ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரம் மிகப் பெரியது. அதைச் சின்னச் சாவிச் சுவிட்சு தாங்காது. ஆகவே சாவி சிறிய மின்சாரத்தால் சொலினாய்டை ஏவும். சொலினாய்டு பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும். 1949ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிரைஸ்லர் கார்களில், சாவியைத் திருப்பினாலே எஞ்சின் எழும் முறை வந்தது.

ஆனாலும் கைப்பிடி அவ்வளவு எளிதில் மறையவில்லை. ஃபோர்டின் மாடல் டி காருக்கே மின் ஸ்டார்ட்டர் 1919இல்தான் வந்தது. 1948இல் வெளிவந்த மோரிஸ் மைனர் காரிலும் ஸ்டார்ட்டர் குமிழோடு கைப்பிடிக்கும் ஒரு துளை இருந்தது. நம் நாட்டில் 1957 முதல் விற்பனைக்கு வந்த டாட்சன் கார்களும், 1985ஆம் ஆண்டில் வெளிவந்த நம் நாட்டுக் கார் புரோட்டோன் சாகாவும் தோட்டப்புறம் வரை பரவிய பிறகுதான் நம் மக்கள் கைப்பிடியை மறந்தார்கள்.

நேயர்களே, வரலாறு இதுவரை. இந்த வரலாற்றையே விளக்காகப் பிடித்துக்கொண்டு கோளாறைத் தேடிப் பார்ப்போமா? பழைய கார் இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. அது எழும்பாத காலையில் வேலையும் போகிறது, கூலியும் போகிறது.

தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். கியர் நடுநிலையில் இருக்கட்டும். கைப்பிரேக்கை இழுத்து வையுங்கள். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எதுவும் பேட்டரி முனையில் படக்கூடாது. பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும். சுருட்டும் சிகரெட்டும் பக்கத்தில் வேண்டாம். பேட்டரியைக் கழற்றும்போது வண்டி உடலோடு இணைந்த கம்பியை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

முதலில் காதையும் கண்ணையும் பயன்படுத்துவோம். முன்விளக்கைப் போட்டுவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்பட்டும்; இன்னொருவர் வெளியே நின்று விளக்கைப் பார்க்கட்டும்.

'டக் டக் டக்' என்று விடாமல் சத்தம் வந்து, விளக்கும் மங்கினால் பெரும்பாலும் பேட்டரி வலுவிழந்திருக்கிறது, அல்லது அதன் முனைகள் துருப்பிடித்திருக்கின்றன. ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி மீட்டரில் 12.6 வோல்ட் அளவு காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது பத்து வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் பேட்டரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஒரே ஒரு முறை 'டக்' என்று பலமாகச் சத்தம் கேட்டு, எஞ்சின் அசையவில்லையா? சொலினாய்டு தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அதன் உள்முனைகள் கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் கரித்துண்டுகள், அதாவது பிரஷ்கள், தேய்ந்திருக்கலாம். மோட்டார் உடம்பை மரக்கட்டையால் மெல்லத் தட்டும்போது எஞ்சின் எழுந்துவிட்டால் பிரஷ் தேய்மானம் என்று ஐயப்படலாம். தட்டுவது வைத்தியம் ஆகாது. வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான்.

சத்தமே இல்லை, விளக்கு மட்டும் பிரகாசமாக எரிகிறதா? சாவிச் சுவிட்சிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் சின்னக் கம்பியைப் பாருங்கள். அது கழன்றிருந்தால்கூட மோட்டார் அசையாது.

மோட்டார் 'உய்ங்' என்று வெறுமனே சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை என்றால் குற்றம் பல் சக்கரத்தில். பழைய பெண்டிக்ஸ் அமைப்பில் தண்டில் அழுக்கு ஏறி பல் சக்கரம் நகராமல் நிற்கும். மோட்டாரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தாலே பல வேளைகளில் சரியாகிவிடும். கெட்டியான கிரீஸ் பூசாதீர்கள். அது தூசியைச் சேர்த்து மறுபடியும் ஒட்டவைக்கும். பல் சக்கரம் கவ்விய இடத்திலேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. மோரிஸ் மைனர் போன்ற கார்களில் ஸ்டார்ட்டரின் பின்முனையில் தண்டு சதுரமாக இருக்கும். அதை ஸ்பானரால் திருப்பிச் சிக்கலை எடுத்துவிடலாம்.

இன்னொன்று. கெட்டரிங் என்ன சொன்னார்? இந்த மோட்டார் சில விநாடி உழைப்பதற்கே உரியது. ஆகவே பத்து விநாடிக்கு மேல் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்காதீர்கள். அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். எழும்பவில்லையே என்ற ஆத்திரத்தில் விடாமல் சுற்றி, நல்ல மோட்டாரைக் கருக்கியவர்கள் பலர்.

இப்போது மாமாவின் காருக்குத் திரும்புவோம்.

புது ஸ்டார்ட்டர் போட்டும் முனகல் நிற்கவில்லை அல்லவா? மாமா கையில் மாவுக்கட்டோடு கவலைப்பட்டுக் கொண்டிருந்தபோது, தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் வந்தார். கருவி எதையும் எடுக்கவில்லை. ஐந்தடியில் சாய்ந்து நின்றுகொண்டு கேள்வி கேட்டார்.

"குமிழை இழுக்கும்போது விளக்கு மங்குச்சா தம்பி?"

"இல்லீங்க தாத்தா, பளிச்சினுதான் எரிஞ்சுது."

"தீய்ஞ்ச வாடை ஏதும் வந்துச்சா?"

"ஆமாங்க. சோக்குக் கம்பியைத் தொட்டா சுட்டுச்சு."

தாத்தா சிரித்தார். "அப்போ பேட்டரியும் நல்லா இருக்கு, நீ கழட்டிப் போட்ட மோட்டாரும் நல்லாத்தான் இருந்திருக்கு. மின்சாரம் போன எடத்துலேருந்து வீடு திரும்ப வழியில்லாம, சோக்குக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கு" என்றார்.

நாங்கள் சுற்றி நின்று வாய்பிளந்து கேட்டோம். அவர் விளக்கினார். பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் மோட்டாரைச் சுற்றிவிட்டுப் பேட்டரிக்கே திரும்பியாக வேண்டும். காரில் அந்தத் திரும்பும் வழி, இரும்பு உடல்தான். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், எஞ்சினையும் உடலையும் இணைக்கச் செம்புக் கம்பியால் பின்னிய பட்டை ஒன்றைப் பொருத்துவார்கள். நம் பால்மரம் தந்த ரப்பர் மின்சாரத்தை விடாது என்பது நமக்குத் தெரிந்ததே. அந்தப் பட்டை மழையிலும் சேற்றிலும் பச்சை பூத்துத் துருவேறி, நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்குகள் உடலோடு நேரே இணைந்திருந்ததால் அவற்றுக்குக் குறை இல்லை. ஸ்டார்ட்டருக்கு மட்டும் வழி அடைபட்டது. பட்டறையில் மோட்டாரை மாற்றியபோது பட்டை கொஞ்சம் அசைந்து கொடுத்ததால் ஒரு வாரம் ஓடியது.

இதன் கணக்கைப் பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போது போட்டுப் பார்த்தோம். நம் வீட்டில் 60 வாட் பல்பு 240 வோல்ட்டில் எரியும்போது கால் ஆம்பியர் மின்சாரம் போதும். ஒரு சின்னக் காரின் ஸ்டார்ட்டரோ எஞ்சினைச் சுற்ற 150 ஆம்பியர்கூட இழுக்கும். அறுநூறு பல்புக்கான ஓட்டம்! அந்த ஓட்டத்தின் வழியில் ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை இருந்தாலும், ஏழரை வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். பன்னிரண்டு வோல்ட்டில் மிச்சம் எவ்வளவு? நாலரை. மோட்டார் முனகாமல் என்ன செய்யும்? ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் உடல் இணைப்பு முனையிலும், மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் வழியில் பழுது இருக்கிறது. மீட்டர் இல்லையா? சில விநாடி சுற்றியபின், நிறுத்திவிட்டு இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அங்கேதான் தடை.

தாத்தா பட்டையைக் கழற்றினார். உப்புத்தாளால் இரு முனைகளையும் உடலின் இரும்பையும் பளபளக்கத் தேய்த்தார். அறுந்த பட்டைக்குப் பதிலாகப் பழைய லோரிக் கம்பித் துண்டு ஒன்றைப் பூட்டினார். மாமா இடது கையால் குமிழை இழுத்தார். எஞ்சின் உடனே எழுந்தது. செலவு என்று சொன்னால் ஒரு தாள் உப்புத்தாளும் ஒரு குவளைத் தேநீரும்தான். அந்தக் கேள்விகளை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால், மாமா ஒரு மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்திருக்க மாட்டார்.

1908இல் அமெரிக்காவில் கை முறிந்தவருக்குக் கெட்டரிங் இன்னும் வரவில்லை, வேறு வழியில்லை. எங்கள் மாமாவின் கை முறிந்ததோ, கெட்டரிங் வந்து ஏறக்குறைய எண்பது ஆண்டு கழித்து. கருவி நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. அதைப் பற்றிய அறிவு வந்து சேரவில்லை. அந்த இடைவெளிக்கு நாம் கொடுத்த விலைதான் அந்த மணிக்கட்டும் அந்தச் சம்பளமும்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அந்தத் தாத்தா ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒரு பிள்ளை வாசிக்கத் திணறினால், 'மண்டையில் ஒன்றும் ஏறாது' என்று முடிவுகட்டுவது, கேள்வி கேட்காமல் மோட்டாரைக் கழற்றுவதைப் போன்றது. பிள்ளைக்குக் கரும்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் சாப்பிட்டுவிட்டு வந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். பல நேரங்களில் பிள்ளை நன்றாகவே இருக்கும். எங்கோ ஒரு பட்டைதான் அறுந்திருக்கும்.

தோட்டத்துப் பட்டறைகளில் இப்படிப்பட்ட தாத்தாக்கள் பலர் இருந்தார்கள். சான்றிதழ் இல்லாமலே எஞ்சினின் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். தோட்டங்கள் துண்டாகி, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது, அவர்களுடைய அறிவையும் லயத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை, ஆணும் பெண்ணுமாக, அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். வண்டியின் முன்மூடியைத் திறந்து, பேட்டரி எது, கம்பி எங்கே போகிறது, ஸ்டார்ட்டர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பெர்த்தா பென்ஸ் தொப்பி ஊசியோடு செய்த வேலையை நம் வீட்டுப் பெண்பிள்ளையும் செய்யட்டும்.

அன்று பிறந்த அந்தப் பிள்ளை இன்று முப்பது வயதைக் கடந்தவர். சொந்தமாகக் கார் ஓட்டுகிறார். மாமாவின் மணிக்கட்டு கடைசிவரை நேராகவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பேசுவார். அந்தக் கையை எண்ணித்தான் இன்று இந்தப் பேச்சை உங்கள்முன் வைத்தோம்.

வண்டி எழும்பவில்லை என்றால் பதறாதீர்கள். முதலில் கேளுங்கள், பிறகு பாருங்கள், அதற்குப் பிறகு கழற்றுங்கள்.